காதுச் சீழ் எங்கிருந்து வருகிறது? இப்னு ஸீனாவின் ஒரு பிழையும் அது நமக்குத் தரும் பாடமும்



மத்ரஸாவில் பாடம் நடத்துகின்ற எவருக்கும் காதில் பஞ்சு வைத்த மாணவர்களைப் பார்த்துப் பழக்கம் இருக்கும். மழைக்காலம் வந்துவிட்டால் ஒவ்வொரு வகுப்பிலும் ஒருவனாவது அப்படி அமர்ந்திருப்பான். "காது ஒழுகுகிறது உஸ்தாத்" என்பான். நாமும் சரி என்று தலையசைத்துவிட்டுப் பாடத்தைத் தொடர்வோம். பல ஆண்டுகள் நானும் அவ்வாறே செய்து வந்தேன்.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் ஹிஃப்ளுப் பிரிவில் பன்னிரண்டு வயது மாணவன் ஒருவன் ஓதிக்கொண்டிருந்தான். சிறுவயது முதலே அவனுக்கு வலது காதில் சீழ் வடியும். குளிர் காலத்தில் வரும், வெயில் காலத்தில் நின்றுவிடும் என்று அவனுடைய பெற்றோர் சேர்க்கையின்போதே சொல்லியிருந்தார்கள். ஒரு மழைக்காலத்தில் அவன் ஸுபுஹுக்குப் பின்னுள்ள பாடத்தில் தொடர்ந்து தூங்கி வழிந்தான். தலை வலிக்கிறது என்றான். ஸபக்கு கொடுக்காமல் தப்பிப்பதற்கான சாக்கு என்று நான் எண்ணினேன். எழுந்து நின்று ஓதும்படி சொன்னேன். அவன் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றான். அதையும் நான் ஒழுங்கீனமாகவே எடுத்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள் எங்கள் மத்ரஸாவின் சமையல்கார பாய் என்னிடம் வந்து, "உஸ்தாத், ஹவுளுக்குப் போகும்போது இந்தப் பிள்ளை நடக்கிற நடை சரியில்லை. காலையிலே இரண்டு தடவை வாந்தியும் எடுத்தான்" என்றார். எழுத்தறிவு அதிகமில்லாத அவர் கண்டதை நான் காணவில்லை. அன்று மாலையே மருத்துவமனைக்குக் கொண்டு சென்றோம். ஸ்கேன் எடுத்துப் பார்த்த மருத்துவர், காதிலிருந்த சீழ் எலும்பை அரித்து உள்ளே சென்று சிறுமூளையில் கட்டியாக நிற்கிறது என்றும், இன்னும் ஓரிரு நாள் தாமதித்திருந்தால் பிள்ளை கிடைத்திருக்க மாட்டான் என்றும் சொன்னார்.

அல்ஹம்து லில்லாஹ், அவன் பிழைத்தான். அந்த இரவு மருத்துவமனைத் தாழ்வாரத்தில் அமர்ந்திருந்தபோது என் உள்ளத்தில் எழுந்த கேள்வி ஒன்றுதான்: காதில் வரும் ஒரு சீழ் மூளைக்குச் செல்லும் என்பது எனக்குத் தெரியாது, இது முன்னோர்களுக்குத் தெரிந்திருந்ததா? அந்தக் கேள்வியைப் பின்தொடர்ந்து நான் படித்தறிந்தவற்றையே இங்கு தொகுத்துத் தருகிறேன்.

முன்னோர் அறிந்திருந்தது

காது நோய் உயிரைப் பறிக்கும் என்பது மிகப் பழைய அறிவு. கிறிஸ்துவுக்கு முன் ஐந்தாம் நூற்றாண்டைச் சேர்ந்த கிரேக்க மருத்துவர் ஹிப்போகிராத்தஸின் பெயரில் வழங்கும் நூல்களில், கடுமையான காதுவலியுடன் தொடர்ந்து காய்ச்சலும் இருந்தால் நோயாளிக்குப் புத்தி தடுமாறி மரணம் நேரலாம் என்ற எச்சரிக்கை காணப்படுகிறது. அரபியில் அவரை 'அபுக்ராத்' என்பர். அவருக்குப் பல நூற்றாண்டுகள் பின் வந்த ரோமானிய ஆசிரியர் செல்ஸஸும் காது அழற்சி பைத்தியத்திலும் மரணத்திலும் முடியக்கூடும் என்று எழுதினார்.

ஆனால் அவர்கள் கண்டது தொடக்கத்தையும் முடிவையும் மட்டுமே. காது வலிக்கிறது; பின் மனிதன் பிதற்றுகிறான்; பின் இறக்கிறான். இடையில் மண்டையோட்டுக்குள் என்ன நிகழ்கிறது என்பதை அறியும் வழி அன்று யாரிடமும் இல்லை.

இந்த அறிவு அப்பாஸிய கலீஃபாக்களின் காலத்தில் பக்தாதில் அரபு மொழிக்கு வந்தது. அபூபக்ர் அர்-ராஸீ (இறப்பு ஹிஜ்ரி 313, கி.பி. 925) போன்ற ஹகீம்கள் அதைத் தங்கள் அனுபவத்தோடு உரசிப் பார்த்தார்கள். அந்தலுஸின் அபுல் காஸிம் அஸ்-ஸஹ்ராவீ தம்முடைய 'அத்தஸ்ரீஃப்' என்னும் பெருநூலில் காதுக்குள் விழுந்த பொருள்களை எடுப்பதற்கான முறைகளை விளக்கி, அறுவைக் கருவிகளைப் படமாகவும் வரைந்து வைத்தார்.

இவர்களுக்குப் பின் வந்தவரே ஷைகுர் ரயீஸ் என்று போற்றப்படும் இப்னு ஸீனா (ஹிஜ்ரி 370–428, கி.பி. 980–1037). அவருடைய 'அல்-கானூன் ஃபித் திப்' ஐந்து பாகங்களைக் கொண்டது. அதன் மூன்றாம் பாகம் உச்சி முதல் பாதம் வரை ஒவ்வோர் உறுப்பின் நோய்களையும் வரிசைப்படுத்துகிறது. மூளை, நரம்பு, கண் ஆகியவற்றை அடுத்துக் காது வருகிறது. மூளையைச் சூழ்ந்த சவ்வின் அழற்சியை அந்நூல் 'ஸர்ஸாம்' என்னும் பாரசீகச் சொல்லால் குறிக்கிறது. 'ஸர்' என்றால் தலை. 'ஸாம்' என்றால் வீக்கம். இன்று நாம் மூளைக்காய்ச்சல் என்று சொல்வதற்கு மிக நெருக்கமான பெயர் அது.

இப்னு ஸீனாவின் தீர்ப்பு

காதிலிருந்து நாட்பட வடியும் சீழுக்கும் மூளைக்குள் தோன்றும் சீழ்க்கட்டிக்கும் தொடர்பு உண்டு என்பதை இப்னு ஸீனா கண்டுகொண்டார். இது எளிய செய்தி அன்று. இரண்டையும் தனித்தனி நோய்களாகவே எண்ணிவிட வாய்ப்பிருந்த காலத்தில், ஒரே கயிற்றின் இரு முனைகள் அவை என்று அவர் உணர்ந்தார்.

ஆனால் கயிற்றின் எந்த முனை முந்தியது என்பதில் அவர் பிழைத்தார். மூளையில்தான் முதலில் சீழ் கட்டுகிறது, அது வழி தேடிக் காதின் வாயிலாக வெளியேறுகிறது என்பது அவருடைய முடிவு. உண்மை அதற்கு நேர்மாறானது. காதில்தான் சீழ் தொடங்குகிறது. அது வெளியேற வழி இல்லாதபோதோ எலும்பு அரிக்கப்படும்போதோ மூளையை நோக்கிச் செல்கிறது.

அவர் ஏன் அவ்வாறு எண்ணினார் என்பதற்குக் காரணம் உண்டு. கிரேக்கர்களிடமிருந்து வந்த மருத்துவக் கோட்பாட்டின்படி, மூளை குளிர்ச்சியும் ஈரமும் உடைய உறுப்பு. அதில் தேங்கும் கழிவுநீர் கீழே இறங்கி மூக்கு, தொண்டை, காது ஆகிய வாயில்கள் வழியாக வெளியேறும் என்பது நம்பிக்கை. யூனானி மருத்துவர்கள் இன்றும் சளிப்பிடிப்புக்கு வழங்கும் 'நஸ்லா' என்ற சொல்லின் பொருளே 'இறங்குவது' என்பதாகும். இந்தச் சட்டகத்துக்குள் நின்று பார்க்கும் அறிஞர், காதில் வடியும் சீழைக் கண்டால் அது மேலிருந்து இறங்கியதென்றே கருதுவார். இறந்தவரின் மண்டையோட்டைத் திறந்து சரிபார்க்கும் வழக்கமும் அக்காலத்தில் இருக்கவில்லை.

பிழையின் விலை என்ன என்பதையும் நாம் நினைத்துப் பார்க்க வேண்டும். மூளையின் கழிவு காது வழியே வெளியேறுகிறது என்று நம்பினால், காது ஒழுகுவது நல்லதென்று ஆகிவிடும். அதை நிறுத்துவதே ஆபத்து என்று தோன்றும். "ஒழுகட்டும், தலையில் உள்ள கெட்ட நீரெல்லாம் வெளியே போகட்டும்" என்று நம் வீடுகளில் மூத்தவர்கள் சிலர் சொல்வதை நான் கேட்டிருக்கிறேன். அந்தச் சொல்லில் ஆயிரம் ஆண்டுப் பழமையான ஒரு கோட்பாட்டின் எதிரொலி இருக்கிறது என்பது அவர்களுக்கும் தெரியாது, எனக்கும் அன்று தெரியாது.

இப்னு ஸீனாவின் நூலைப் பன்னிரண்டாம் நூற்றாண்டில் தொலேதோ நகரில் கிரெமோனாவின் ஜெரார்டு லத்தீனில் மொழிபெயர்த்தார். அதன்பின் பல நூற்றாண்டுகள் ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களில் அது பாடநூலாக விளங்கியது. அதன் நன்மைகளோடு இந்தப் பிழையும் பயணம் செய்தது. 1679இல் ஜெனீவாவில் தெயோஃபில் போனே வெளியிட்ட பிரேதப் பரிசோதனைத் தொகுப்பிலும், சீழ் மூளையிலிருந்தே காதுக்கு வருகிறது என்ற கருத்தே நிலைத்திருந்தது.

ஆசானைத் திருத்துதல்

சகோதரர்களே, இவ்விடத்தில் ஒரு செய்தியைச் சொல்ல விரும்புகிறேன். இப்னு ஸீனா பிழைத்தார் என்று சொல்லத் தயங்குகின்ற நண்பர்களை நான் கண்டிருக்கிறேன். நம் சமுதாயத்தின் பெருமைக்குரிய ஒருவரைக் குறைத்துப் பேசுவதாகாதா என்று கேட்கிறார்கள். நம்முடைய முன்னோர் அவ்வாறு எண்ணவில்லை.

அர்-ராஸீ, ஜாலீனூஸ் என்று அரபியில் வழங்கும் கேலனைத் தம் ஆசானாகவே மதித்தார். ஆயினும் அவருடைய கருத்துகளில் தமக்கெழுந்த ஐயங்களை 'அஷ்ஷுகூக் அலா ஜாலீனூஸ்' என்ற தனி நூலாகவே எழுதினார். பக்தாதைச் சேர்ந்த அப்துல் லதீஃப் (இறப்பு ஹிஜ்ரி 629, கி.பி. 1231) எகிப்தில் கொடும்பஞ்சம் நிலவிய காலத்தில் அங்கே இருந்தார். குவிந்து கிடந்த மனித எலும்புகளை அவர் கூர்ந்து ஆராய்ந்தார். கீழ்த்தாடை இரண்டு எலும்புகளால் ஆனது என்று கேலன் எழுதியிருந்தார். அப்துல் லதீஃப் கண்ட தாடைகள் அனைத்திலும் மூட்டோ தையலோ இல்லாத ஒரே எலும்பே இருந்தது. நூலில் எழுதப்பட்டதைக் காட்டிலும் கண்ணால் கண்ட சான்றே வலிமையுடையது என்ற முடிவுக்கு அவர் வந்தார்.

கெய்ரோவில் வாழ்ந்த இப்னு நஃபீஸ் (இறப்பு ஹிஜ்ரி 687, கி.பி. 1288) மருத்துவர் மட்டுமல்லர், மத்ரஸாவில் ஷாஃபிஈ ஃபிக்ஹு கற்பித்த ஆலிமும் ஆவார். அவர் அல்-கானூனின் உடற்கூற்றுப் பகுதிக்கே விளக்கவுரை எழுதினார். இதயத்தின் இரு அறைகளுக்கும் இடையே கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு என்ற பழைய கருத்தை அவ்வுரையிலேயே மறுத்து, இரத்தம் நுரையீரல் வழியாகவே இடப்புறம் சேர்கிறது என்று எழுதினார். உரையாசிரியராக இருந்துகொண்டே மூல ஆசிரியரைத் திருத்தினார். அது அவமரியாதை என்று எவரும் கருதவில்லை.

முயன்று தீர்ப்பளிக்கும் நீதிபதி பிழைத்தாலும் அவருக்கு ஒரு நற்கூலி உண்டு என்ற நபிமொழியின் கருத்தை நாம் மாணவர்களுக்குக் கற்பிக்கிறோம். அதே மரபில் வந்த நாம், இப்னு ஸீனாவின் உழைப்புக்கு துஆச் செய்வதும் அவருடைய பிழையைப் பிழை என்று சொல்வதும் ஒன்றுக்கொன்று முரண் என்று எண்ண வேண்டியதில்லை.

காதைப் பொறுத்தவரை அந்தத் திருத்தம் இத்தாலியிலிருந்து வந்தது. போலோஞ்ஞா நகரின் வல்சால்வா 1704இல் மனிதக் காதைப் பற்றி விரிவான நூல் ஒன்றை வெளியிட்டார். அவருடைய மாணவரே பாதுவா பல்கலைக்கழகத்தின் மோர்கான்யி. பல்லாண்டுகள் பிரேதப் பரிசோதனை செய்து, நோயாளி உயிரோடிருந்தபோது கண்ட அறிகுறிகளையும் இறந்தபின் உள்ளே கண்டவற்றையும் ஒப்பிட்டு எழுதிய தம் நூலை 1761இல், எழுபத்தொன்பதாம் வயதில் அவர் வெளியிட்டார். காதில்தான் சீழ் முதலில் தோன்றுகிறது, மூளைக்கட்டி அதன் விளைவே என்று அதில் நிறுவினார். எழுநூறு ஆண்டுகள் தலைகீழாக நின்ற கருத்து அப்போதுதான் நேராயிற்று.

சீழ் செல்லும் பாதை

நடந்தது என்ன என்பதை விளங்கிக்கொள்ளக் காதின் அமைப்பைச் சிறிது அறிந்திருக்க வேண்டும். செவிப்பறைக்கு உட்புறம் உள்ள சிறிய அறையே நடுச்செவி. தொண்டையின் மேற்பகுதியிலிருந்து ஒரு குழாய் அதற்கு வருகிறது. சளி பிடிக்கும்போது அக்குழாய் அடைபட்டு, கிருமிகள் நடுச்செவியில் பெருகிச் சீழாகும். குழந்தைகளுக்கு இக்குழாய் குட்டையாகவும் படுக்கை வாட்டத்திலும் இருப்பதால்தான் காதுநோய் அவர்களுக்கு மிகுதியாக வருகிறது.

இந்த அறையின் கூரை மிக மெல்லிய எலும்புத் தகடு. அதற்கு மேலே மூளை இருக்கிறது. அறைக்குப் பின்னால், நாம் காதுக்குப் பின்புறம் கைவைத்தால் தட்டுப்படும் மாஸ்டாய்டு எலும்பு தேன்கூடு போன்ற காற்றறைகளைக் கொண்டது. அதை ஒட்டி மூளையிலிருந்து இரத்தத்தைக் கொண்டு செல்லும் பெருநாளம் ஒன்று வளைந்து இறங்குகிறது. அதற்கும் அப்பால் சிறுமூளை. முகத்தை அசைக்கும் நரம்பும் இந்தக் குறுகிய இடத்தின் வழியாகவே செல்கிறது. விரல்நுனியளவு இடத்தைச் சுற்றி இத்தனை அமானிதங்களை அல்லாஹ் வைத்திருக்கிறான்.

சீழ் மேற்கூரையை அரித்தால் மூளையுறைக்கு வெளியிலோ மூளைக்குள்ளேயோ கட்டி உண்டாகலாம். சவ்வுகளுக்குப் பரவினால் மூளைக்காய்ச்சல். பின்புறம் சென்றால் பெருநாளத்தில் இரத்தம் உறைந்து குளிர் நடுக்கத்துடன் விட்டுவிட்டுக் காய்ச்சல் வரும். அல்லது சிறுமூளையில் கட்டி ஏற்பட்டு நடை தள்ளாடும். எங்கள் மாணவன் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றதன் காரணம் இதுவே.

சிலருக்குச் செவிப்பறையின் தோல் உட்புறமாக மடிந்து வளர்ந்து, முத்துப் போன்ற வெண்ணிறத் திரளாகிச் சுற்றியுள்ள எலும்பை மெல்ல அரிக்கும். இதற்குக் கொலஸ்டியாடோமா என்று பெயர். 1838இல் ஜெர்மானிய அறிஞர் யோஹான்னஸ் முல்லர் இட்ட பெயர் அது. வலி அதிகம் இராது. துர்நாற்றத்துடன் சிறிதளவே வடியும். வலி இல்லாததாலேயே மக்கள் அதைப் பொருட்படுத்துவதில்லை. மூளையைத் தாக்கும் காதுநோய்களில் பெரும்பங்கு இதனால் விளைபவையே.

அவசரத்தின் பாடமும் பொறுமையின் பாடமும்

பாதை தெரிந்தவுடன் சிகிச்சை கிடைத்துவிடவில்லை. 1560இல் பிரான்சின் மன்னர் இரண்டாம் பிரான்சுவா பதினாறாம் வயதில் காதுச் சீழ்க்கட்டியால் இறந்தபோது, அக்காலத்தின் தலைசிறந்த அறுவை மருத்துவர் அம்புருவாஸ் பரே அரசவையிலேயே இருந்தார். அரசனாயினும் ஏழையாயினும் இந்நோய்க்கு முன் ஒன்றாகவே நின்றார்கள்.

1736இல் பாரிஸில் ழான் லூயி பெத்தி, காதுக்குப் பின்னுள்ள எலும்பைத் துளைத்துச் சீழை வெளியேற்றி நோயாளியைப் பிழைக்க வைத்தார். 1776இல் பிரஷ்யாவின் படை மருத்துவர் யாஸரும் அவ்வாறே செய்து வெற்றி கண்டார். செய்தி பரவியதும் அந்த அறுவையைத் தேவையற்ற இடங்களிலும் செய்யத் தொடங்கினர். டென்மார்க் அரசவை மருத்துவர் பெர்கர் என்பவர் காது மந்தத்தாலும் இரைச்சலாலும் வருந்தினார். அவருக்கு எலும்பில் சீழ் இல்லை. ஆயினும் தம் காதில் அதே அறுவையைச் செய்துகொண்டார். 1791இல் அதன் விளைவான மூளைக்காய்ச்சலால் இறந்தார். அதன்பின் மருத்துவர்கள் அஞ்சி, ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் அந்த அறுவையையே கைவிட்டார்கள். தேவையற்ற ஒருவருக்குச் செய்யப்பட்டதால், தேவையுள்ள எத்தனையோ பேருக்கு அது மறுக்கப்பட்டது.

அந்த இடைக்காலத்தில் அயர்லாந்தின் டப்ளின் நகரில் வில்லியம் வைல்டு என்ற காது மருத்துவர் வாழ்ந்தார். ஒழுகும் காதை ஒருபோதும் அற்பமாக எண்ணாதீர்கள், அது எங்கே போய் முடியும் என்று எவராலும் சொல்ல முடியாது என்பதே 1853இல் அவர் வெளியிட்ட நூலின் எச்சரிக்கை. காதுக்குப் பின் கீறிச் சீழை வெளியேற்றும் முறை ஒன்று அவர் பெயராலேயே வழங்குகிறது. அவருடைய மகன்தான் புகழ்பெற்ற எழுத்தாளர் ஆஸ்கர் வைல்டு. அந்த மகனுக்கே காதில் சீழ் நோய் இருந்தது. சிறையில் இருந்தபோது தம் காதின் நிலை குறித்து அதிகாரிகளுக்கு விண்ணப்பமும் எழுதினார். 1900ஆம் ஆண்டு அக்டோபரில் பாரிஸில் அவருக்குக் காது அறுவை செய்யப்பட்டது. நவம்பர் 30 அன்று, நாற்பத்தாறாம் வயதில், மூளைக்காய்ச்சலால் இறந்தார். அந்நோய் காதிலிருந்தே பரவியதென்பது ஆய்வாளர்கள் பலரின் முடிவு. உலகுக்கே எச்சரிக்கை செய்த தந்தையின் வீட்டுப் பிள்ளைக்கு நேர்ந்தது இது. அறிவு நூலில் இருப்பது போதாது, உரிய நேரத்தில் உரியவரை எட்ட வேண்டும்.

1873இல் ஜெர்மனியின் ஹாலே நகரில் ஹெர்மன் ஷ்வார்ட்ஸே, எந்த நோயாளிக்கு இந்த அறுவை தேவை, யாருக்குத் தேவையில்லை என்பதற்கான அளவுகோல்களை வகுத்து வெளியிட்டார். அதன் பின்பே அது நம்பிக்கைக்குரிய சிகிச்சையாயிற்று.

மூளைக்குள் சென்றுவிட்ட சீழை அணுகத் துணிந்தவர்களுள் தலையாயவர் கிளாஸ்கோவின் வில்லியம் மக்கியூவன். 1876இல் தலையில் அடிபட்ட ஒரு சிறுவனுக்கு மூளையில் இன்ன இடத்தில் கட்டி இருக்கிறது என்று அறிகுறிகளைக் கொண்டே கணித்து, அறுவை செய்ய அனுமதி கேட்டார். குடும்பத்தார் மறுத்தனர். சிறுவன் இறந்தான். இறந்தபின் அனுமதி பெற்றுத் திறந்தபோது, அவர் சொன்ன அதே இடத்தில் கட்டி இருந்தது. உயிரோடிருந்தபோது செய்திருந்தால் பிழைத்திருப்பான் என்ற எண்ணம் அவரை ஓய விடவில்லை. உறைந்த தலைகளைத் துண்டு துண்டாக வெட்டி, காதுக்கும் மூளைக்கும் உள்ள ஒவ்வொரு இடைவெளியையும் ஆராய்ந்தார். 1893இல் அவர் வெளியிட்ட நூலில், மூளைக்கட்டிக்காகத் தாம் அறுவை செய்த 19 பேரில் 18 பேர் பிழைத்ததாகப் பதிவு செய்தார். ஸ்கேனும் இல்லை, ஆண்டிபயாட்டிக் மருந்துகளும் இல்லை. விரல்களும் கவனமும்தான் இருந்தன.

பின்னர் சல்ஃபா மருந்துகளும், 1940களில் பெனிசிலினும் வந்தன. 1971இல் லண்டனில் முதல் நோயாளிக்கு சி.டி. ஸ்கேன் எடுக்கப்பட்டது. மக்கியூவன் கணித்தறிந்ததை எந்த மருத்துவரும் சில நிமிடங்களில் கண்ணால் காணும் நிலை ஏற்பட்டது. செல்வ நாடுகளில் இந்நோய் அரிதாகிப் போனது.

இன்றைய நம் நிலை

நம் நாட்டில் அது அரிதாகவில்லை. உலகச் சுகாதார நிறுவனம் 2004இல் வெளியிட்ட அறிக்கையின்படி, நாட்பட்டுக் காது ஒழுகுவோர் உலகில் 6.5 கோடி முதல் 33 கோடி வரை இருக்கக்கூடும். அவர்களில் நூற்றுக்கு 60 பேருக்குக் கேட்கும் திறன் குறைந்திருக்கிறது. ஆண்டுக்கு 28,000 மரணங்கள் இதனால் நிகழ்வதாக அது மதிப்பிட்டது. இந்நோய் மிகுந்த நாடுகளின் வரிசையில் இந்தியாவும் இருந்தது.

ஆகவே பெற்றோருக்கும் என்னைப் போன்ற ஆசிரியர்களுக்கும் சில வேண்டுகோள்கள்.

இரண்டு வாரங்களுக்கு மேல் காது ஒழுகினால் காது மூக்குத் தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள். வலி இல்லை என்பதால் தள்ளிப்போடாதீர்கள். துர்நாற்றம் இருந்தால் தாமதமே கூடாது.

ஒழுகும் காதுடைய பிள்ளைக்குக் கடும் தலைவலி, காய்ச்சல், வாந்தி, இயல்புக்கு மாறான தூக்கம், கழுத்து விறைப்பு, தள்ளாட்டம், வலிப்பு, பேச்சுக் குழறல், முகம் ஒரு பக்கம் கோணுதல், காதுக்குப் பின் வீக்கம் ஆகியவற்றில் ஒன்று தோன்றினாலும் அன்றே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். வடிந்துகொண்டிருந்த காது திடீரென நின்று தலைவலி தொடங்கினால், நோய் குணமாயிற்று என்று மகிழ்ந்துவிடாதீர்கள்.

எண்ணெய் காய்ச்சி ஊற்றுவது, பூண்டுச் சாறு விடுவது, கோழி இறகால் குடைவது ஆகியவற்றை விட்டுவிடுங்கள். குளிக்கும்போது காதுக்குள் நீர் புகாமல் பார்த்துக்கொள்ளச் சொல்வார் மருத்துவர். வுளூவில் காதுகளை ஈரக் கையால் தடவுவதே சுன்னத். உள்ளே நீர் ஊற்றுவது அன்று. கடமையான குளிப்பில் நீர் படக்கூடாதென்று மருத்துவர் தடுத்தால் அதற்கும் மார்க்கத்தில் சலுகை உண்டு. உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டு அறிந்துகொள்ளுங்கள்.

பாடத்தில் கவனமில்லாத பிள்ளையைக் கண்டிப்பதற்கு முன், அவனுக்குக் காது கேட்கிறதா என்று பாருங்கள். இதை நான் எனக்கே முதலில் சொல்லிக்கொள்கிறேன்.

நோய்க்கு மருந்து தேடுமாறு நபி (ஸல்) அவர்கள் ஏவினார்கள். நோயை இறக்கியவன் அதற்கான நிவாரணத்தையும் இறக்கியிருக்கிறான் என்றும் கற்பித்தார்கள். அந்த நிவாரணம் தேடுவோருக்கே கிடைக்கும். இப்னு ஸீனா தேடினார்; பாதி கண்டார். மோர்கான்யி மீதியைக் கண்டார். மக்கியூவன் ஒரு சிறுவனை இழந்தபின் மற்றவர்களைக் காத்தார். அவர்களுடைய தேட்டத்தின் பயனாகவே எங்கள் மாணவன் இன்று உயிரோடு இருக்கிறான்.

சிகிச்சை முடிந்து நான்கு மாதங்களுக்குப் பின் அவன் மத்ரஸாவுக்குத் திரும்பினான். வலது காது அவனுக்குச் சரியாகக் கேட்பதில்லை. ஆகையால் என் வலப்புறம் அமர்த்தி, அவனுடைய இடது காது என்னை நோக்கி இருக்கும்படி செய்தேன். சென்ற ஆண்டு ஹிஃப்ளை முடித்தான். அன்று நான் அவனிடம், உன்னைத் தூணருகே நிற்க வைத்த நாளுக்காக என்னை மன்னித்துவிடு என்று கேட்டேன். அவனுக்கு அந்த நாள் நினைவில் இல்லையாம். எனக்கு இருக்கிறது.

கேள்வியையும் பார்வையையும் உள்ளத்தையும் பற்றி மறுமையில் நம்மிடம் விசாரிக்கப்படும் என்பது நாம் அறிந்ததே. நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட பிள்ளைகளின் செவிகளும் நம் பொறுப்பில் உள்ளவையே. அப்பொறுப்பை நிறைவேற்றும் தௌஃபீக்கை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.